பிரிந்த பிறகு பேசக் கற்ற பெற்றோர்: ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

குடும்ப ஆலோசனைக்கு வருகிறவர்களில் விவாகரத்துக்கு முன்னால் வருகிறவர்கள் ஒரு வகை. கோர்ட்டு, கையெழுத்து எல்லாம் முடிந்த பிறகு, பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறிக்கொண்டு வருகிறவர்கள் இன்னொரு வகை. இந்த ஆய்வு இரண்டாம் வகையினரைப் பற்றியது. இது ஒரே வீட்டில் நடந்த கதையாக எழுதப்பட்டிருந்தாலும், ஒன்றுபோலவே வந்துபோன பல குடும்பங்களின் கூறுகளைச் சேர்த்து, யாரையும் அடையாளம் காண முடியாதபடி அமைத்தது. ஆய்வாளர்களின் பெயர்களும் எண்களும் மட்டும் உள்ளது உள்ளபடி.

வந்த காரணம்

தந்தைக்கு 42 வயது, தாய்க்கு 39. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். 14 ஆண்டு மண வாழ்க்கை. மகளுக்கு 12 வயது, மகனுக்கு 5. பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்தாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அடிதடி கிடையாது, குடி கிடையாது, மூன்றாம் நபர் யாரும் கிடையாது. பிள்ளைகள் வார நாட்களில் அம்மாவோடு, வாரக் கடைசியில் அப்பாவோடு என்று ஏற்பாடு. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் "நாகரிகமாகப் பிரிந்துவிட்டார்கள்" என்று சொல்லக்கூடிய விவாகரத்து.

மகளுக்கு வெள்ளிக்கிழமைதோறும் வயிற்று வலி வந்தது. ஞாயிறு சாயங்காலமும் வந்தது. மருத்துவர் பரிசோதித்துப் பார்த்து, உடம்பில் குறை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். படிப்பில் முன்வரிசையில் இருந்த பெண் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். பெற்றோர் இருவரும் தனித்தனியே என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: "எங்க விஷயம் முடிஞ்சு போச்சு, பொண்ணை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க."

அந்த "முடிஞ்சு போச்சு" என்ற நினைப்பில்தான் சிக்கல் இருந்தது. முடிந்தது கணவன் மனைவி என்ற உறவு. அப்பா, அம்மா என்ற பொறுப்பு அடுத்த பல ஆண்டுகளுக்கு இருவரையும் ஒன்றாகவே கட்டிவைத்திருக்கிறது என்பதை அவர்கள் யோசித்திருக்கவில்லை.

திருமணம் தேய்ந்த விதம்

எது எங்கே உடைந்தது என்று கேட்டால் இருவரிடமும் பெரிதாக ஒரு சம்பவம் இல்லை. தாய்க்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு பதவி உயர்வு வந்தது. வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்ததால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். "நான் எதை விட்டுக் கொடுத்தேன்னு அவர் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை" என்றார். தந்தையிடம் அதே விஷயத்தைக் கேட்டபோது அவர் உண்மையாகவே திகைத்தார். "அவளுக்கு அதில் விருப்பம் இல்லைன்னுதான் நினைச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…" என்று நிறுத்திக்கொண்டார்.

தந்தையின் பக்கத்திலும் ஒரு கணக்கு இருந்தது. தம்பியின் கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். வீட்டில் சொன்னால் வாக்குவாதம் வரும் என்று சொல்லவில்லை. வங்கியிலிருந்து கடிதம் வந்த அன்று தாய்க்குத் தெரிந்தது. அவர் சத்தம் போடவில்லை. கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். தந்தை அதை நல்லவேளை என்று எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் அந்தக் கடன் அந்த வீட்டில் பேசப்படவே இல்லை.

ஜான் காட்மன் என்ற உளவியலாளர் தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்து, அவர்கள் பேசிக்கொள்வதைப் பதிவு செய்து பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். திருமணத்தை அரிக்கும் நடத்தைகளாக நான்கைச் சொல்கிறார்: ஆளையே குறை சொல்வது, ஏளனம், எதற்கெடுத்தாலும் தற்காப்பு, வாயை மூடிக்கொண்டு சுவர்போல் ஆகிவிடுவது. நான்கில் கொடியது ஏளனம் என்பது அவர் முடிவு. இந்த வீட்டில் ஏளனம் கொஞ்சம்தான், கடைசிக் காலத்தில் தலைகாட்டியது. சுவர்தான் ஆண்டுக்கணக்கில் நின்றது.

காட்மனின் இன்னொரு கண்டுபிடிப்பு இந்தக் குடும்பத்துக்கு இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது. ஒருவர் சாதாரணமாக எதையாவது சொல்லி மற்றவரின் கவனத்தைத் தேடுகிறார்: ஜன்னலுக்கு வெளியே பார் என்கிறார், இன்று அலுவலகத்தில் என்ன நடந்தது தெரியுமா என்கிறார். மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா? புதுமணத் தம்பதிகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், சேர்ந்தே இருந்தவர்கள் இப்படிப்பட்ட அழைப்புகளில் 86 சதவீதத்துக்கு முகம் கொடுத்திருந்தார்கள் என்றும், பிரிந்தவர்கள் 33 சதவீதத்துக்கே முகம் கொடுத்திருந்தார்கள் என்றும் அவர் சொல்கிறார். இங்கே தாய் பேச்சை எடுப்பார், தந்தை போனைப் பார்த்தபடி "ம்" என்பார். பிறகு தந்தை எதையாவது சொல்ல வருவார், தாய் எழுந்து வேறு அறைக்குப் போயிருப்பார். யார் முதலில் நிறுத்தியது என்று இருவருக்கும் நினைவில்லை. அதைத் தோண்டிப் பார்ப்பதில் பயனும் இல்லை என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

தீர்ப்பில் எழுதப்படாதவை

விவாகரத்து உத்தரவில் வீடு யாருக்கு, பணம் எவ்வளவு, பிள்ளைகள் எந்தெந்த நாள் எங்கே என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. பிள்ளைகளிடம் யார், எப்போது, என்ன வார்த்தையில் சொல்வது என்று எங்கும் இல்லை. மகளிடம் தாய் ஒரு மாதிரி சொல்லியிருந்தார், தந்தை வேறு மாதிரி சொல்லியிருந்தார். மகனிடம் "அப்பா வேலை விஷயமா வேற வீட்டில் இருக்கார்" என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே இருவரும் 1967இல் வெளியிட்ட வாழ்க்கை நெருக்கடி அளவுகோலில் துணையின் மரணத்துக்கு 100 புள்ளி, விவாகரத்துக்கு 73, தம்பதியர் பிரிந்து வாழ்வதற்கு 65. மரணத்துக்கு அடுத்த இடம் விவாகரத்துக்கு. மரணம் நடந்த வீட்டுக்கு ஊரே வருகிறது. விவாகரத்து நடந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள்? இந்தத் தந்தை தீர்ப்பு வந்த மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனார், அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. தாயிடம் உறவினர்கள் பேசினார்கள், ஆனால் தப்பு யார்மேல் என்று கேட்பதற்காகப் பேசினார்கள்.

ஒரு வீட்டை நடத்திய இரண்டு சம்பளம் இப்போது இரண்டு வீடுகளை நடத்த வேண்டியிருந்தது. பிள்ளைகளின் வகுப்பு ஒன்று நின்றது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான் என்பதால் இருவரும் சமாளித்துக்கொண்டார்கள்.

யாரும் எதிர்பார்க்காதது பாட்டியின் நிலை. தந்தையின் தாயார் அந்த வீட்டிலேயே இருந்து இரண்டு பேரக் குழந்தைகளையும் வளர்த்தவர். மகனைக் குளிப்பாட்டித் தூங்க வைத்தது அவர்தான். பிரிவுக்குப் பிறகு பாட்டி தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மருமகளுக்குப் போன் செய்தால் தப்பாக எடுத்துக்கொள்வாளோ என்று அவர் செய்யவில்லை. மாமியார் தன்மேல் கோபமாக இருக்கிறார் என்று நினைத்து இவரும் செய்யவில்லை. ஆள் உயிரோடு இருக்கிறார், ஆனால் வாழ்க்கையில் இல்லை என்ற வகை இழப்பைப் பாலின் பாஸ் என்ற குடும்ப சிகிச்சையாளர் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு விளக்கியிருக்கிறார். அழுது தீர்க்கவும் முடியாது, மறக்கவும் முடியாது என்பதுதான் அதன் கொடுமை. ஐந்து வயதுப் பையன் அப்பாவோடு பாட்டியையும் ஒரே வாரத்தில் இழந்திருந்தான். அவனுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை, பெரியவர்கள் எவரும் கணக்கில் எடுக்கவும் இல்லை.

பிள்ளைகள்

மகள் முதலில் என்னிடம் பேசவே இல்லை. கொஞ்சம் பழகிய பிறகு, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது. இடது பக்கத் தலைப்பு "அப்பாகிட்ட சொல்லக்கூடாது". வலது பக்கத் தலைப்பு "அம்மாகிட்ட சொல்லக்கூடாது". இடது பக்கத்தில்: அம்மா ராத்திரி அழுதது, மாமா பணம் கொடுத்தது, புது வேலைக்கு விண்ணப்பம் போட்டது. வலது பக்கத்தில்: அப்பா வெளியே சாப்பிடக் கூட்டிப்போனது, அத்தை அம்மாவைப் பற்றிச் சொன்னது, அப்பா புது போன் வாங்கியது. சில வரிகள் அடித்துத் திருத்தப்பட்டிருந்தன. "இது தெரிஞ்சு போச்சு, அதான் அடிச்சிட்டேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்ய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மறுபக்கத்தை. வயிறு ஏன் வலித்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"இந்த மாசப் பணம் எப்போ வரும்னு அப்பாவைக் கேளு", "அடுத்த வாரம் கூட்டிட்டுப் போக முடியாதுன்னு அம்மாகிட்ட சொல்லிடு" என்றெல்லாம் அவள் மூலமாகத்தான் சேதி போனது. பெற்றோர் நேரில் பேசிச் சண்டை போடக்கூடாது என்று நல்ல எண்ணத்தில்தான் இருவரும் அப்படிச் செய்தார்கள். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த எலினோர் மெக்கோபியும் அவருடைய சகாக்களும் பெற்றோர் பிரிந்த வளரிளம் பிள்ளைகளிடம் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. அப்பா அம்மா நடுவில் மாட்டிக்கொண்டதாக உணர்கிற பிள்ளைகளுக்கே மனச்சோர்வும் நடத்தைச் சிக்கல்களும் கூடுதலாக இருந்தன. பெற்றோர் ஒருவருக்கொருவர் ஒத்துழைத்த வீடுகளில் அந்த உணர்வு குறைவாக இருந்தது.

மகனிடம் கவலைப்படும்படி எதுவும் இல்லை என்றே பெற்றோர் சொன்னார்கள். சமர்த்தாகிவிட்டான், சத்தமே போடுவதில்லை என்றார்கள். விளையாட்டுப் பொம்மைகளோடு உட்கார்ந்திருந்தபோது அவனே சொன்னான்: "நான் இப்பல்லாம் கத்துறதே இல்லை. அப்பாவுக்குத் தலைவலி வராது. வந்துடுவார்." இந்த வயதுக் குழந்தைக்கு உலகத்தில் நடப்பதெல்லாம் தன்னால் நடப்பதாகவே தோன்றும். உண்மையைச் சொல்லாமல் விட்ட இடத்தை அவன் தன் குற்றத்தால் நிரப்பிக்கொண்டான்.

விவாகரத்து பிள்ளைகளைக் காலம் முழுக்கப் பாதிக்குமா என்பதில் இரண்டு பெரிய ஆய்வுகள் இரண்டு திசையில் நிற்கின்றன. ஜூடித் வாலர்ஸ்டைன் 1971இல் தொடங்கி, கலிஃபோர்னியாவில் 60 குடும்பங்களின் 131 பிள்ளைகளை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்தார். வளர்ந்து காதல், கல்யாணம் என்று வரும்போதுதான் அந்தப் பிள்ளைகளுக்குப் பயம் தலைதூக்குகிறது என்றார். மேவிஸ் ஹெதரிங்டன் சுமார் 1400 குடும்பங்களை முப்பது ஆண்டுகளுக்கு நெருக்கமான காலம் ஆராய்ந்தார். விவாகரத்தான வீட்டுப் பிள்ளைகளில் சுமார் 25 சதவீதத்தினருக்கும், மற்ற வீட்டுப் பிள்ளைகளில் சுமார் 10 சதவீதத்தினருக்கும் கடுமையான சிக்கல்கள் இருந்தன என்பது அவர் கண்டது. ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல். ஆனாலும் நால்வரில் மூவர் தேறிவிடுகிறார்கள். வாலர்ஸ்டைன் ஒப்பிட்டுப் பார்க்க விவாகரத்தாகாத குடும்பங்களைத் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக்கொள்ளவில்லை என்பதால், எண்ணிக்கையைப் பொறுத்தவரை நான் ஹெதரிங்டனையே நம்புகிறேன். ஆனால் வாலர்ஸ்டைனிடம் பேசிய பிள்ளைகளின் குரலை ஆலோசனை அறையில் நானும் கேட்டிருக்கிறேன். அதைத் தள்ளிவிட மனம் வரவில்லை.

இந்தக் குடும்பத்துக்கு இன்னும் பொருந்துவது பால் அமாட்டோவும் ஆலன் பூத்தும் கண்டது. ஓயாத சண்டை நடந்த வீட்டில் பெற்றோர் பிரிந்தால் பிள்ளைகள் பெரும்பாலும் மூச்சு விடுகிறார்கள். வெளியே தெரியாமல் உள்ளுக்குள் கசந்த திருமணம் முறியும்போதுதான் பிள்ளைகள் அதிகம் நொறுங்குகிறார்கள். மகள் என்னிடம் கேட்டது அதையேதான்: "அவங்க சண்டையே போடலையே. அப்புறம் ஏன்?" சண்டை போடாத வீட்டில் இது நடக்கும் என்றால் எந்த வீட்டிலும் எந்த நாளும் நடக்கும் என்பது அவள் முடிவு. தோழிகளோடு பேசுவதைக்கூட அவள் குறைத்திருந்தாள். சிரித்துப் பேசுகிறவர்களும் ஒரு நாள் சொல்லாமல் போய்விடுவார்கள் என்று நினைக்கத் தொடங்கியிருந்தாள்.

செய்தது

மகளுக்கென்று தனியாகச் சிகிச்சை எதையும் தொடங்கவில்லை. அவள் அனுமதி கேட்டு, அந்த நோட்டுப் பக்கத்தைப் பற்றிப் பெற்றோர் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னேன். பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைச் சொல்லவில்லை. இப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது. தந்தை வெகுநேரம் பேசவில்லை. தாய், "இனிமே அவகிட்ட எதையும் சொல்லி அனுப்ப மாட்டேன்" என்றார்.

அங்கிருந்து ஏற்பாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. பணம், நேரம், பயணம் பற்றிய சேதி எல்லாம் பெற்றோருக்கிடையே நேரடியாக, எழுத்தில். ஞாயிறு இரவு இருபது நிமிடம் போன் பேச்சு, பிள்ளைகள் விஷயம் மட்டும். பழைய கதை வந்தால் அந்த வாரத்துக்கு அங்கேயே நிறுத்தம். பிள்ளைகள் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு வந்ததும் "அங்கே என்ன நடந்தது" என்று கேட்பதில்லை. பாட்டிக்குப் போன் செய்ய வேண்டியது தாய். அதற்கு அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை, ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. செய்த அன்று பாட்டி அழுதுகொண்டே கேட்ட முதல் கேள்வி, "நீ சாப்பிடுறியாம்மா?" என்பது.

மகனிடம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சொன்னார்கள். அப்பா இனி இந்த வீட்டுக்குக் குடிவர மாட்டார், அது பெரியவர்கள் எடுத்த முடிவு, நீ கத்தினதால் நடந்தது இல்லை, நீ எவ்வளவு கத்தினாலும் அப்பா சனிக்கிழமை வருவார். அவன் இரண்டு நாள் அழுதான். மூன்றாம் நாள் வீடு அதிரக் கத்தினான். தாய் அதைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எல்லாம் நேராகப் போகவில்லை. தந்தை இரண்டு சனிக்கிழமை தொடர்ந்து வராமல் போனார். இருபது நிமிடப் பேச்சு ஒரு முறை ஜாமீன் கையெழுத்தில் போய் முட்டி, ஒரு மாதம் நின்றது. தாய் ஒரு நாள் தன்னை மறந்து, அப்பா வீட்டுக்கு யார் வந்திருந்தார்கள் என்று மகளிடம் கேட்டுவிட்டார். "அதை நீங்களே அப்பாகிட்ட கேட்டுக்கோங்கம்மா" என்று அவள் சொல்லிவிட்டுப் போனாள். தாய்க்குச் சுருக்கென்றது. மகளுக்கு அன்று வயிறு வலிக்கவில்லை.

பிரிவின் தொடக்கத்திலேயே நடுவர் ஒருவர் முன் உட்கார்ந்து பேசினால் எவ்வளவு மிச்சமாகும் என்பதற்கு ராபர்ட் எமரியின் ஆய்வு நல்ல சான்று. பிள்ளைகள் யாரிடம் என்ற தகராறில் சில குடும்பங்களைச் சமரசப் பேச்சுக்கும் சில குடும்பங்களை வழக்காடுவதற்கும் குலுக்கல் முறையில் அனுப்பினார். பேசியது சராசரியாக ஐந்து மணி நேரம்தான். 12 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, பிள்ளையோடு வசிக்காத பெற்றோரில் வாரம் ஒரு முறையாவது பிள்ளையைப் பார்க்கிறவர்கள் சமரசக் குழுவில் 28 சதவீதம், வழக்காடிய குழுவில் 9 சதவீதம்.

திருமணத்தைப் பற்றி இது காட்டுவது

ஏற்பாடுகள் ஓரளவு நிலைத்த பிறகு தாய் சொன்னார்: "பதினாலு வருஷத்துல நாங்க இவ்வளவு தெளிவா எதையும் பேசிக்கிட்டதில்லை." அவர்கள் மறுபடி சேர்வார்கள் என்பதற்காக இதைக் குறிப்பிடவில்லை. சேர அவர்களுக்கு விருப்பமும் இல்லை, நானும் அந்தப் பக்கம் தள்ளவில்லை. எனக்கு உறைத்தது வேறு. பிரிவதற்கு இரண்டு வக்கீல்கள், வரைவு, திருத்தம், கையெழுத்து என்று மாதக்கணக்கில் பேசினார்கள். சேர்ந்து வாழ்வதற்கு அதில் பத்தில் ஒரு பங்கு பேச்சும் நடந்திருக்கவில்லை. யார் வேலை முக்கியம், பிறந்த வீட்டுக்கு எவ்வளவு பணம் போகலாம், யாருடைய களைப்புக்கு யார் இடம் கொடுப்பது: இவையெல்லாம் அன்பு இருந்தால் தானாகப் புரியும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள். தம்பதியரிடையே வரும் பிணக்குகளில் 69 சதவீதம் ஒருபோதும் தீராதவை என்கிறார் காட்மன். அப்படியானால் தீர்ப்பதைவிட, அதைப் பற்றிப் பகையில்லாமல் திரும்பத் திரும்பப் பேச முடிவதுதான் இல்லறத்துக்கு வேண்டிய திறமை. பதவி உயர்வைத் துறந்த வருத்தம் பேசினாலும் முழுக்கத் தீர்ந்திருக்காது. ஆனால் அவர் தனியாகச் சுமந்திருக்க மாட்டார்.

பிள்ளைகள் முன்னால் சண்டை போடவே கூடாது என்று இருவரும் கட்டுப்பாடாக இருந்ததைப் பெருமையாகச் சொன்னார்கள். மார்க் கம்மிங்ஸின் ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. பெற்றோர் கருத்து வேறுபட்டு, பிறகு அதைச் சமாதானமாக முடிப்பதைக் காணும் பிள்ளைக்குப் பாதிப்பு வெகுவாகக் குறைகிறது. இந்த மகள் சண்டையையும் பார்க்கவில்லை, சமாதானத்தையும் பார்க்கவில்லை. மனத்தாங்கல் வந்தால் என்ன செய்வது என்பதற்கு அவளிடம் முன்மாதிரியே இல்லை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அடியும் அச்சுறுத்தலும் இருக்கிற திருமணத்துக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே இருபது நிமிடப் பேச்சு என்று யோசனை சொல்வது ஆபத்து. பாதுகாப்பாக வெளியேறுவதுதான் முதல் வேலை, பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள் என்று அங்கே யாரும் சொல்லக்கூடாது.

தற்போதைய நிலை

மகளின் வயிற்று வலி வெகுவாகக் குறைந்துவிட்டது, பரீட்சை நேரத்தில் மட்டும் எட்டிப் பார்க்கிறது. மதிப்பெண் பழைய இடத்துக்கு வரவில்லை. மகன் பாட்டி வீட்டில் மாதம் ஒரு முறை தங்குகிறான். தாய் விண்ணப்பித்த வேலை கிடைத்துவிட்டது, ஆனால் அது வேறு ஊரில். இந்த முறை அவர் வேண்டாம் என்று தானே எழுதிக் கொடுக்கவில்லை. ஞாயிறு போன் பேச்சில் தந்தையிடம் சொன்னார். தந்தைக்கு அதில் சம்மதமில்லை என்றாலும் அதை வாய்விட்டுச் சொன்னார். வார ஏற்பாட்டை விடுமுறை ஏற்பாடாக மாற்றுவது எப்படி என்று இருவரும் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 12ஆம் பிரிவில் சொல்கிறது. மகளின் கருத்தைக் கேட்க அடுத்த அமர்வில் அவளையும் சேர்த்துக்கொள்வதாக முடிவு. எந்த ஊர் என்று அவளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லப்போவதில்லை, அது பெற்றோரின் வேலை. எந்தப் பள்ளி, எத்தனை நாளுக்கு ஒரு முறை அப்பா, தம்பியோடு சேர்ந்தா தனியாகவா என்பதை அவள் சொல்லலாம். தன் கேள்விகளை எழுதிக்கொண்டு வரட்டுமா என்று அவளே கேட்டிருக்கிறாள்.